பன்னிரண்டாம் இலக்க டிராம்

ஜெனீவாவில் கடல் இல்லை.
ஏரி இருக்கிறது, அன்னங்கள் இருக்கின்றன,
ஞாயிறுகளில் ஊதிக்கொண்டு போகும் சுற்றுலாப் படகு ஒன்று.
ஆனால் என் மேசையில் பதினொரு கப்பல்கள்.
ஒன்றையும் கண்ணால் கண்டதில்லை.

இங்கே வாடகை கட்டுபடியாகவில்லை,
எல்லை தாண்டினால் அன்மாஸில் பாதி விலைக்கு இடம்,
ஒப்பிட்டு அறிக்கை தா என்றார் முதலாளி.
சதுர மீட்டர், வரி, மின்சாரம், வண்டி நிறுத்தம்.
அட்டவணை நேற்றிரவே முடிந்துவிட்டது.

இன்று காலை ஏழு நாற்பதுக்குச் செய்தி:
சித்தகொங் வெளித்துறையில் நிற்கிறது ‘ஹெல்கா மரீன்’,
வயிற்றில் முப்பதாயிரம் டன் கோதுமையோடு.
வங்கி உறுதிக் கடிதத்தில்
துறைமுகத்தின் பெயரில் ஓர் எழுத்துக் குறைகிறதாம்.
நிற்கும் ஒவ்வொரு நாளுக்கும்
பதினெட்டாயிரம் டாலர் தாமதக் கூலி.
ஒரு கப்பலின் தலையெழுத்து
யாரோ விட்ட எழுத்தில்.

ரீவ் நிறுத்தத்தில் ஏறினாள் மிரேய் பித்தே,
வங்கியின் ஆவணப் பிரிவு,
ஒரு கையில் கம்பி, மறு கையில் க்ரோவாசான்.
சொன்னேன்.
மென்றுகொண்டே சொன்னாள்:
“திருத்தம் எதற்கு? ஒரு வாரம் இழுக்கும்.
இரண்டும் ஒரே துறைதான் என்று
சோதனைக்காரர் ஒரு வரி தந்தால் போதும்.
அதோ, கடைசிக் கதவருகே நிற்கிறார்.”

குடைகளையும் முழங்கைகளையும் இடித்துக்கொண்டு போனேன்.
தூங்கி வழிந்த ஊர்ஸ் அம்ஸ்டுட்ஸ்
மொலார் தாண்டிக் கண் திறந்தார்,
பெல்ஏர் வருமுன் தட்டி அனுப்பினார்.
ஒன்பதரைக்கு வங்கி சரி என்றது.
அங்கே அப்போது பிற்பகல்;
சங்கிலி சேறு சொட்ட மேலேறியிருக்கும்.

இதே டிராமில்தான்
பெப்ரவரியில் ஒரு தொகையைச் சத்தமாகச் சொல்லித் தொலைத்தேன்.
எதிரில் செய்தித்தாள் விரித்திருந்தவன்
போட்டிக் கம்பெனி லொரென்ட்ஸ்.
மாலைக்குள் கப்பல் வாடகை ஏறிவிட்டது.
செய்தித்தாளுக்கும் காது உண்டு.
ஏப்ரலில் தன் கப்பலில் இடம் மிஞ்சியபோது
அவனேதான் முதலில் என் தோளைத் தட்டினான்.

மதியம் அறிக்கையைத் திறந்தேன்.
அன்மாஸ்: வாடகை பாதி. உண்மைதான்.
மிரேய் மென்று விழுங்கிய வாக்கியத்தை
எந்தச் செலவுக் கணக்கில் எழுதுவது?
ஊர்ஸின் அரைத் தூக்கத்தை?
லொரென்ட்ஸின் காதைக்
கூட்டுவதா, கழிப்பதா?

கதவில் எட்டிப் பார்த்தார் முதலாளி.
“முடிந்ததா?”
“ஒரு வரிசை மிச்சம்.”
கட்டத்துக்குள் பதினெட்டாயிரம் என்று போட்டேன்,
அழித்தேன்,
மறுபடி போட்டுக்கொண்டிருக்கிறேன்.