மூன்றாவது வரைபடம்

பழைய கட்டடத்தில் ஒரு செங்கோணம்கூட இல்லை.
கொட்டாஞ்சேனையில் மழைக்கு முந்திய காலை.
அளவுநாடாவின் ஒரு முனை ஜயசேன பாஸ் கையில்,
மறுமுனை என் கையில்.
மண்டபத்தின் மூலைவிட்டம் இரண்டுக்கும்
ஏழு அங்குல வித்தியாசம்.
நூற்றுப்பத்து வருடமாக இந்தக் கோணலுக்குள்தான்
பிள்ளைகள் நேராக வரிசை கட்டியிருக்கிறார்கள்.

சுவர் கபுக்கல், மேலே சுண்ணாம்பு.
தட்டினால் சில இடம் பதில் சொல்கிறது,
சில இடம் வெறும் வயிறு.
கூரையில் முதிரை வளை, கள்ளிக்கோட்டை ஓடு,
ஓட்டின் கீழே என்னைக் கணக்கெடுக்கும் ஒரு புறா.
வடக்கு ஜன்னல் ஒவ்வொன்றிலும்
துறைமுகத்துப் பாரந்தூக்கி கழுத்தை நீட்டுகிறது.

முதல் வரைபடம் பழைய மாணவியர் சங்கத்துக்குப் பிடித்தது.
வளைவு கேட்டார்கள், வளைவு போட்டேன்.
கொங்கிரீட்டில் போட்ட வளைவு
எதையும் தாங்காது. வளைந்திருக்கும், அவ்வளவுதான்.
லண்டனிலிருந்து திரையில் வந்த டொக்டர் புஷ்பகாந்தி
"அசல் எங்கட பள்ளிக்கூடம்" என்று கண் துடைத்தார்.
பொய்ப்பல்லைப் பார்த்து என் பல்லேதான் என்பவர் முன்னால்
பல்வைத்தியர் நிற்பதுபோல் நின்றேன்.

இரண்டாவது, கண்ணாடி.
மேற்கு வெயில் என்றார் ஒருவர், மின்கட்டணம் என்றார் இன்னொருவர்.
மூன்றாமவர் வாய் திறக்குமுன் நானே சுருட்டிக்கொண்டேன்.

பிறகு ஒரு கிழமை கோடே போடவில்லை.
கன்டீனுக்குப் பக்கத்தில், மாரா மரத்தடி வாங்கில் இருந்து
யார் எங்கே நடக்கிறார்கள் என்று
தாளில் புள்ளி வைத்துக்கொண்டிருந்தேன்.
ஒன்றரை மணிக்கு மணி அடித்தது.
தரம் ஆறு பிள்ளைகளின் பைகளில்
தண்ணீர்ப் போத்தல்கள் காலையில் வந்தபடியே,
கழுத்துவரை நிரம்பி.

"இந்த வெயிலில் ஏன் குடிக்கவில்லை?"
ஸுமையா மூடியைத் திருகிக்கொண்டு நின்றாள்.
பக்கத்தில் நின்ற மெர்லின்தான் சொன்னாள்,
"குடிச்சா போகணும் மிஸ்."

போக வேண்டுமென்றால் மைதானத்தைக் கடக்க வேண்டும்.
நடந்து எண்ணினேன், இருநூற்றுப் பதினெட்டு காலடி.
மதிலோரம், எண்ணூறு பேருக்கு ஆறு கதவு.
இரண்டு கதவுக்குக் கொண்டி இல்லை.
ஒருத்தி உள்ளே போக, ஒருத்தி வெளியே
கதவைக் கையால் இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும்.
நிற்பவளுக்குப் பெயரும் வைத்திருக்கிறார்கள்.
"இன்னைக்கு நீ எனக்குக் கொண்டி."

அன்றிரவு மூன்றாவது வரைபடத்தைக்
கழிவறையிலிருந்து தொடங்கினேன்.
முதலில் குழாய்களின் சரிவு.
நான் படித்த கலையெல்லாம் அதற்குப் பின்னால்
ஒழுங்காக வரிசையில் வந்து நின்றது.
மாடிக்கு மாடி, வகுப்பு வாசலிலிருந்து பத்து எட்டில்.
பழைய சுவருக்கும் புதியதற்கும் நடுவே
இரண்டு அங்குல வெளி. சுண்ணாம்பு மூச்சுவிடும்,
கொங்கிரீட் விடாது. ஒட்டினால் இரண்டுமே வெடிக்கும்.
தளமட்டம் பதினான்கு அங்குலம் இடித்தது.
படி வைக்கவில்லை. பதினான்கு அடிக்கு ஒரு சாய்வு,
சக்கர நாற்காலிக்கும், ஓடுகிறவளுக்கும்.

கூட்டத்தில் முதல் கேள்வி:
"நன்கொடையாளர் பெயர்ப்பலகையை எங்கே மாட்டுவது?"
இரண்டாவது:
"முகப்பைத் திறந்தால் கழிவறையா?"
நான் சரிவு, விட்டம் என்று ஏதோ உளறினேன்.

அதுவரை பிஸ்கட்டை நாலாக உடைத்துக்கொண்டிருந்த அதிபர்,
திருமதி புளோரா மொராயஸ்,
தலை நிமிராமல் சொன்னார்:
"எனக்குப் பிரிஜிட்."

யாருக்கும் புரியவில்லை. எனக்குப் புரிந்தது.
மின்விசிறி மட்டும் சுற்றியது.
பொருளாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
லண்டனில் இன்னும் விடியவில்லை.
இருட்டு அறையில் ஒரு முகம், வெகுநேரம் அசையாமல்.
இணைப்பு அறுந்துவிட்டதென்றே நினைத்தோம்.
"எனக்கு வசந்தமலர்," என்றது திரை.
"அவள் இப்ப எங்க இருக்கிறாளோ."

தீர்மானம் அடுத்த மாதத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது.
செலவு கூட, முகப்பு போதாது என்று குறிப்பில் இருக்கிறது.
நான் வீடு திரும்பிக் கதவு அட்டவணையைத் திறந்தேன்.
கொண்டி, பித்தளை, உட்புறம், இருபத்தாறு.
மலிவான ரகம் வேண்டாம் என்று எழுதி
அடிக்கோடு இட்டேன்,
தாள் கிழிய.