இரண்டாவது கியர்

முதல் ஆட்டத்துக்கு மின்சாரம் இருந்தது.
இரண்டு வாங்கினோம், ஒன்று போட்டோம்.
"கரண்ட் இருந்ததுதான் ராசியில்லை" என்றான் கபெம்ப்வா.
டாக்சி ஓட்டுபவன்.
பழி போட ஏதாவது ஒரு பொருள் வேண்டும் அவனுக்கு.

லுவான்ஷ்யாவில் இது மழைக்காலம்.
அணையில் தண்ணீர் இல்லையாம்,
எங்கள் தெருவில் முழங்கால் வரை.
மின்வாரிய அட்டவணைப்படி
எங்கள் பேட்டைக்கு ஆறிலிருந்து பத்துவரை இருட்டு.
ஆட்டம் எட்டு மணிக்கு.

என் முடிதிருத்தும் கடை ஒரு பழைய கப்பல் பெட்டி.
ஒரு டிவி, ஒரு கண்ணாடி, ஒன்றரை நாற்காலி.
கபெம்ப்வா தன் கொரோலாவின் பேட்டரியைக் கழற்றி
மார்போடு அணைத்து எடுத்து வந்தான்.
சட்டையில் ஆசிட் தின்ற ஓட்டை
இன்னும் இருக்கிறது.

செம்புத் தோட்டாக்கள் என்று பெயர் எங்கள் அணிக்கு.
செம்பு எங்கள் காலடியில்.
தோட்டா பெரும்பாலும் கம்பத்துக்கு வெளியே.
இரண்டாம் ஆட்டம் சமன்.
மூன்றாவதில், தொண்ணூற்று மூன்றாம் நிமிடம்,
கார்னரிலிருந்து வந்த பந்து
யார் முதுகிலோ பட்டு உள்ளே போனது.
யார் முதுகு என்று இன்றும் தகராறு.
குதித்த குதியில் என் கண்ணாடி விரிசல் விட்டது.
அந்த வாரம் வந்தவர்களெல்லாம்
இரண்டு முகத்தோடு முடி வெட்டிக்கொண்டு போனார்கள்.

காலிறுதிக்கு நாற்பது பேர்.
அதில் முப்பது பேர் எனக்குக் கூலி பாக்கி.
முழு நாற்காலி சிலெக்வாவுக்கு.
ஒன்பது மாதம், பச்சை ஜெர்சி,
புருஷன் சுரங்கத்துக்குள் இரவு ஷிப்ட்.
கூடுதல் நேரத்தில் அவள்
நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்த பிடி
எனக்குச் சரியாகப் படவில்லை.
"பெனால்டி வரைக்கும் தாங்கும்" என்றாள்.
தாங்கவில்லை.

எல்லோரும் கபெம்ப்வாவைப் பார்த்தோம்.
கபெம்ப்வா பேட்டரியைப் பார்த்தான்.
சிவப்பு வயர் ஒன்று, கறுப்பு வயர் ஒன்று.
அவன் கை போனது.
"கழட்டாதே" என்றாள், அவளேதான்.
"இறக்கம்தானே, தள்ளுங்க.
கழட்டினா நாப்பது பேரும் காலத்துக்கும்
என் பிள்ளையச் சொல்லிக் காட்டுவாங்க."

பன்னிரண்டு பேர் தள்ளினோம்.
சேற்றில் ஒரு செருப்பு போனது, என்னுடையது.
கடை வாசலில் ஒருவன், குழாயடியில் ஒருவன்,
சர்ச் முனையில் ஒருவன் நின்று
வாய்க்கு வாய் வாங்கிக் கத்தினார்கள்.
"ஒண்ணு, உள்ளே!"
"அவனும் உள்ளே!"
செகண்டில் போட்டு க்ளட்சை விட்டான்.
இருமியது. நின்றது.
"ரெண்டு, உள்ளே!"
"அவன் கம்பத்துல! கம்பத்துல!"
தள்ளுவதை விட்டுவிட்டு
ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டோம்.
"அடப்பாவிகளா" என்றது பின்சீட்டு.
மறுபடி தள்ளினோம்.
"மூணாவது யாரு அடிக்கிறான்?"
அதுவும் பின்சீட்டுதான்,
பல்லைக் கடித்துக்கொண்டு.

மூன்றாவது, சொல்லாக வந்தது.
நான்காவது வெறும் சத்தமாக;
உள்ளேயா வெளியேயா,
"ளே" மட்டும் மழையைத் தாண்டியது.
ஐந்தாவதுக்கு இன்ஜின் பிடித்துக்கொண்டது.
அந்த உறுமலில் வேறெதுவும் காதில் விழவில்லை.

பேட்டரி இல்லாத வண்டிக்கு விளக்கும் அரை உயிர்.
ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி
போன் வெளிச்சத்தில் பாதை காட்டினேன்.
பள்ளம் வந்தபோதெல்லாம் மூவரும் கத்தினோம்,
மூன்று வேறு காரணங்களுக்காக.

ஆஸ்பத்திரியில் ஜெனரேட்டர்.
நர்ஸின் போனில் ஆட்டம் உறைந்து நின்றது:
எங்கள் பையன் காலைப் பின்னுக்கு இழுத்தபடி,
நடுவில் சின்ன வட்டம் ஒன்று சுற்றிக்கொண்டு.
அவள் அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு
சிலெக்வாவோடு உள்ளே போய்விட்டாள்.

ஊர்ப் பக்கமிருந்து என்னவோ கேட்டது.
தகரத்தில் மழையாக இருக்கலாம்.

கபெம்ப்வா இறங்க முடியாது.
இன்ஜினை அணைத்தால்
இன்னொரு பன்னிரண்டு பேர் வேண்டும்.
ஆக்ஸிலேட்டரில் காலை வைத்தபடி
கண்ணாடியை இறக்கி என்னைக் கேட்டான்:
"என்ன ஆச்சு?"

எதைக் கேட்கிறான் என்று தெரியவில்லை.
ஒற்றைச் செருப்போடு நின்றுகொண்டு
"இன்னும் இல்லை" என்றேன்.