நின்றால் இடுப்பளவு

பாசிக்குடாவில் நீந்திப் பழகுவதில்
ஒரேயொரு சிக்கல்தான்.
எந்த இடத்திலும் எழுந்து நிற்கலாம்.

ஐந்தே முக்காலுக்கு இறங்கினேன்.
மணிக்கூடு முதல் சுற்றிலேயே சார்ஜ் இல்லாமல் அணைந்தது.
ஹோட்டலின் கடைசிக் குடையிலிருந்து
வடக்கே சிவப்புப் போத்தல் கட்டிய மிதவை வரை
நானூற்றைம்பது மீற்றர்.
போய்வந்தால் ஒரு சுற்று.
நாலு சுற்று, மேலே ஒரு கொசுறு.

நஜிமுதீன் தோணியிலிருந்து எண்ணுகிறான்.
சுற்றுக்கு ஒரு கச்சான் கோது
பலகையில் வைப்பான்.
கச்சானைத் தின்பது அவன் கூலியில் சேர்த்தியில்லை.

ஆழக் கடலென்றால்
பயமே ஆளை இழுத்துக்கொண்டு போகும்.
இங்கே பயம் உதவிக்கு வராது.
கை இறங்கி முடிகிற இடத்துக்கு ஒரு சாண் கீழே மணல்.
அதில் என் நிழல்
எனக்குச் சற்று முன்னால், களைப்பில்லாமல்.
நாரிக்குள் ஓர் ஆணி இறங்குகிறது.
கால்கள் இரண்டும் கேட்கின்றன:
நில்லேன். இடுப்பளவுதானே.

"மிஸ், நிண்டு கொஞ்சம் மூச்செடுங்களன்."
அவனும் அவர்கள் கட்சி.

பிறகு ஒரு காற்று வந்தது.
கோதுகளில் எத்தனை போயினவோ.
"மிஸ், இது ரெண்டா மூண்டா?"
வாய் நிறைய உப்பு; மூன்று விரல் காட்டினேன்,
காட்டினதாகத்தான் நினைப்பு.

வழமையாய் நான் கரையேறும்போது
பாண் ஆட்டோ பாட்டோடு வரும்.
இன்று அது வந்து, விற்று, போயிருந்தது.
ஒரு சுற்று கூடிவிட்டது.
முறைத்தேன்.
"கூடினா நல்லந்தானே மிஸ்,
கடல் என்ன காசா கேக்குது?"

கல்லடி. மேல்வீட்டு அறை.
மூன்று வாழைப்பழம், இரண்டு முட்டை,
காதுக்குள் இன்னும் கொஞ்சம் பாசிக்குடா.
சைக்கிளின் பின்சில்லை இரும்புத் தாங்கியில் பூட்டி
உழக்கத் தொடங்குகிறேன்.
மார்ச்சில் ஒரு கொழும்பு பஸ்ஸின் கண்ணாடி
முழங்கையைத் தொட்டுவிட்டுப் போனதிலிருந்து
நீள ஓட்டமெல்லாம் இந்தச் சுவரைப் பார்த்துத்தான்.

சுவரில் தெற்கே போகிறது வீதி.
காத்தான்குடி, நடுவீதியில் பேரீச்சை மரங்கள்.
ஆரையம்பதி.
களுவாஞ்சிக்குடியில் சந்தைச் சனம்,
மணி அடித்து அடித்து நுழைகிறேன்.
ஓந்தாச்சிமடம் பாலத்தில் எதிர்காற்று;
அதற்காகக் கியரை நானே இறுக்கிக்கொள்கிறேன்,
ஏமாற்றக்கூடாது.
கல்முனையில் ஒருவாய் தண்ணீர்.
காரைதீவுச் சந்தியில்
அம்பாறைக்குத் திரும்பும் நெல் லொறிக்கு வழிவிட்டு
ஏன் வழிவிட்டேன் என்று சிரித்தேன்.

இங்கும் அதே சிக்கல்.
கீழே சீமெந்துத் தரை. எப்போதும் இறங்கலாம்.

அக்கரைப்பற்றை நெருங்கும்போது கரண்ட் போனது.
மின்விசிறி மூன்று தரம் தயங்கி நின்றது.
இனி காற்றில்லாத ஊர்கள்.
மூக்கு நுனியிலிருந்து வியர்வை
கைபிடியில் விழுகிற சத்தம்கூடக் கேட்கிறது.
திருக்கோவிலில் வலது தொடை பிடித்துக்கொண்டது.
அதைத் திட்டிக்கொண்டே தம்பட்டை வரை
திரும்பிப் போய்விட்டேனோ என்று சந்தேகம்.

குனிந்தால் முன்சில்லு.
கம்பிக்கும் கவைக்கும் இடையில்
நேற்று ஒரு சிலந்தி கட்டிய வலை.
எழுபது கிலோமீற்றர் தாண்டியும்
ஓர் இழை அறவில்லை.
சிலந்தி நடுவில் இருக்கிறது,
யாரும் எங்கும் போகாத ஒரு வீட்டில் இருப்பதுபோல.

கதவில் தட்டல். வீட்டுக்காரர் அலோசியஸ்.
இரண்டு மாதமாகக் கீழே இருந்து கேட்டவர்,
இன்றைக்குத்தான் பொறுக்கமுடியாமல் படியேறியிருக்கிறார்.
"என்ன புள்ள,
கரண்டு இல்லாம எப்பிடி மா அரைக்கிறா?"

சில்லைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.
தரையில் தேங்கியதைப் பார்த்துக்
காலைத் தூக்கி வைத்தார்.
"எங்க போறா?"
"கோமாரி."
கொஞ்சம் யோசித்தார்.
"அப்ப வரக்குள்ள ஒரு சட்டி தயிர் வாங்கிட்டு வா."

கோமாரிப் பாலம் வந்தது, அல்லது
மூன்று மணித்தியாலம் முடிந்தது.
இறங்கினேன்.
நின்றேன்.
இடுப்புக்குக் கீழே யாரும் இல்லை.
சுவரைப் பிடித்தபடி
அவர்கள் வந்துசேரும்வரை பார்த்திருந்தேன்.