படிவத்தின் பதினோராவது கட்டம்

கூல்பெனே ரயில் நிலையத்தில் இறங்குகிறேன்.
பூஜ்யத்துக்குக் கீழே பதினாறு.
கொதிகலன் கூடத்தைத் தேடவேண்டியதில்லை;
புகை எழுந்து நின்று கூப்பிடுகிறது.

ஆண்டுக்கு ஒருமுறை ரீகாவிலிருந்து வருகிறேன்,
அமைச்சகத்தின் படிவத்தோடு.
மரச்சில்லில் ஈரம் எத்தனை சதவீதம்,
சாம்பல் எத்தனை டன், எங்கே கொட்டினீர்கள்,
எல்லாம் கேட்பேன், எல்லாம் எழுதுவேன்.
பதினோராவது கட்டம் மட்டும்
எனக்கு முன்பே அச்சாகி வந்துவிடும்:
புகைபோக்கி வழியே கரியமில வாயு, 0.

இல்க்வார்ஸ் இரவு ஷிப்ட் முடிந்தும் வீட்டுக்குப் போகவில்லை.
கையுறையைக் கழற்றி மேலே காட்டுகிறார்.
"அப்படியென்றால் அது என்ன, டைகா?"
போன வருஷமும் இதே கேள்வி.

மரத்தை வெட்டிய காட்டிலேயே எழுதிவிட்டார்கள்,
இங்கேயும் எழுதினால் இரட்டைக் கணக்கு என்கிறேன்.
சரியான பதில்தான்.
பயிற்சி வகுப்பில் முழு மதிப்பெண் வாங்கித் தந்த பதில்.
"காட்டில் யார் எழுதினார்கள்?"
இன்னொரு துறை. இன்னொரு படிவம்.
"அதில் என்ன போட்டிருக்கிறது?"
வளர்கிறது என்று.

அவர் சிரிக்கவில்லை. இழுப்பறையிலிருந்து
ஒரு காபி டப்பாவை எடுத்துக் குலுக்குகிறார்.
ஆணிகள், வேலிக்கம்பி, பாதி லாடம்,
போரில் சிதறிய குண்டுத் துண்டுகள்.
எல்லாம் மரத்துக்குள் இருந்தவை,
சில்லு வெட்டும் எந்திரத்தின் பல்லை உடைத்தவை.
"இதை வாயில் அடக்கிக்கொண்டு ஒரு பிர்ச் மரம்
எண்பது வருஷம் நின்றிருக்கிறது.
இன்னொன்று அந்த அளவு வளரும்போது
நான் இருக்கமாட்டேன், நீயும் இருக்கமாட்டாய்.
உன் அமைச்சர் தேர்தலுக்குப் பிறகே இருக்கமாட்டார்."

ஒன்பதாவது கட்டம்: இதர மிச்சம்.
இரும்பு, ஒரு டப்பா என்று எழுதினேன்.
எழுதக்கூடாது என்று எந்த விதியும் இல்லை.

முன்பு இங்கே எரிவாயு எரிந்தது.
எல்லைக்கு அப்பாலிருந்து குழாயில் வந்தது,
திருகு அவர்கள் கையில் இருந்தது.
அதை மறந்துவிட்டுப் பேச என்னால் முடியாது.
அந்தக் குளிர்காலத்து ரசீதுகளை
என் தங்கை இன்னும் கிழித்துப்போடவில்லை.
அறுவை ஆலையின் பட்டையும் தூளும்
அப்போது சும்மா மக்கிக் கிடந்தன.
தூளை மட்டும் எரித்திருந்தால்
இல்க்வார்ஸின் டப்பா காலியாக இருந்திருக்கும்.

பிறகு, சூடு போய்ச் சேரும் இடம்.
ஐந்து மாடிக் கான்கிரீட் குடியிருப்பு.
நான்காம் மாடியில் ஸ்கைத்ரீதே
ஜன்னல்கள் அத்தனையையும் திறந்துவைத்து,
கையில்லாத கவுனில் பீட்ரூட் நறுக்கிக்கொண்டிருக்கிறார்.
திரைச்சீலை வெளியே பறக்கிறது.
ரேடியேட்டரில் கை வைக்க முடியவில்லை.
"குறைக்கத் திருகு கிடையாது, அம்மா.
கொதிகலனுக்கு மானியம் வந்தது, திருகுக்கு வரவில்லை.
சுவருக்குப் போர்வை போட விண்ணப்பித்தோம்.
மூன்று கையெழுத்து குறைகிறது.
ஒருவர் அயர்லாந்தில். ஒருவர் பிடிவாதம்.
ஒருவர் செத்துப்போனார், வாரிசு தெரியவில்லை."

ஜன்னல் விளிம்பில் ஒரு சிட்டு
ஜனவரியைக் கொஞ்ச நேரம் மறந்து உட்கார்ந்திருக்கிறது.
எதிர் வீட்டிலும் ஜன்னல் திறந்திருக்கிறது.
முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க
சோறாவது வேண்டும்.
எனக்கு ஒரு கட்டம் போதுமாயிருக்கிறது.

மாலை ரயிலுக்குத் திரும்புகிறேன்.
எங்கும் முழங்கால் ஆழப் பனி.
கூடத்திலிருந்து குடியிருப்புவரை மட்டும்
ஒரு கறுப்புக் கோடு,
பூமிக்கடியில் வெந்நீர்க் குழாய் போகும் தடம்.
அங்கே பனி தங்குவதில்லை.
புல் பச்சையாக இருக்கிறது.
இந்தக் கோட்டுக்கு என் படிவத்தில் எண் இல்லை.

அதன்மேலேயே நடக்கிறேன்.
சொன்னால் வெட்கம், பூட்ஸுக்குள் இதமாக இருக்கிறது.
வழியை அடைத்து ஒரு சாம்பல் பூனை
நீளமாகப் படுத்திருக்கிறது.
ஒரு கண்ணைத் திறந்து என் பையைப் பார்த்தது,
நகரவில்லை.

நான்தான் பனியில் இறங்கிச் சுற்றிப்போனேன்.