ஐந்தரைக் கை

முதலில் ஒரு புள்ளி.
அதற்கு மேல் எனக்குத் தெரியவில்லை.
ஏசி ரிமோட்டை இடது கையில் பிடித்துக்கொண்டு
கண்ணைச் சுருக்கிப் பார்த்தேன்.
குளிர் என்று எழுதாமல்
குளிரைச் சொல்லும் அந்தக் குறி
மிளகைவிடச் சின்னது.

கும்பகோணத்தில் பழசாக வாங்கிய பிரேதக் குளிர்பெட்டி.
கடைப் பலகை எழுதுகிறவன் எவனோ
பழக்கதோஷத்தில் அதன் பக்கவாட்டில்
'மீண்டும் வருக' என்று எழுதி வைத்திருந்தான்.
சுரண்டவே ஒரு காலைப்பொழுது போனது.
சுரண்டிய இடத்தில்தான் வரைய வேண்டும்.

எட்டுக் கை போட்டேன், சிலந்தி.
ஐந்து போட்டேன்,
டிசம்பரில் வேளாங்கண்ணி வீடுகளில் தொங்குகிற
காகித நட்சத்திரம், உள்ளே பல்பு இல்லாமல்.
தின்னர் தொட்டு இரண்டையும் துடைத்தேன்.

டொரண்டோவில் லாரி ஓட்டுகிற
நாச்சிக்குளத்து ஜமாலை வாட்ஸப்பில் கேட்டேன்.
போன வருட வீடியோ அனுப்பினான்:
கறுப்புக் கையுறைமேல் ஒன்று வந்து உட்கார்கிறது,
அவன் மூச்சுப் பட்டதும் இல்லாமல் போகிறது.
'ஆறுக்கா. எப்பவும் ஆறுதான்.
ஏன்னு கேக்காதீங்க,
தண்ணி அப்படித்தான் கைகோக்குமாம்.'

ஆறு என்றதும்
முள்ளியாறுதான் முதலில் வந்தது எனக்கு.
மேட்டூர் திறந்தால் வரும்,
திறந்தும் வராமல் போகும்,
வந்தால் சில வருடம் வாசல் வரைக்கும் வரும்.
இத்தனை கையை உள்ளே வைத்திருப்பதை
எங்களிடம் அது சொன்னதே இல்லை.

கடிகாரம் மாதிரி, என்றான்.
பன்னிரண்டு, இரண்டு, நான்கு,
ஆறு, எட்டு, பத்து.
ஒவ்வொரு கையிலும்
நெற்கதிர் பிரிகிற மாதிரி இரண்டு பக்கமும் கிளை.
ஸ்கேல் வைத்தால் ஜன்னல் கம்பியாகிவிடும்.
நீலத்தில் பாதி வெள்ளை கலக்க வேண்டும்.
தூரிகையை அழுத்தக் கூடாது, ஓடும்.
கடைசியாக நான்கு மணிக் கையைப் போட்டேன்.
வெளியே அப்போது மணி ஏழு.

ஐப்பசி. மழை. எனாமல் காயவில்லை.
எட்டரைக்குப் போன் வந்தது.
கச்சனம் தாண்டி, தெற்குத் தெரு, பெயர் வைரக்கண்ணு.
மகன் குவைத்திலிருந்து வர
நாளை மத்தியானம் ஆகும்.
படத்தில் கை படாமல் பெட்டியைக் குட்டியானையில் ஏற்ற
உத்திராபதி பட்ட பாடு.

ஜெனரேட்டரை வாய்க்கால் ஓரம் வைத்தோம்.
சிவப்பு எண்கள்
இருபத்தாறு, பத்தொன்பது, பதினொன்று என்று இறங்கி
இரண்டில் நின்றன.
நகக்கண்ணில் வயல் சேறு,
குளிப்பாட்டியும் போகவில்லை.
கண்ணாடியில் மூச்சுப் போலப் படர்ந்தது.
வெளிப்பக்கம்தான். தொட்டுப் பார்த்தேன்.

தையல்நாயகி தரையில் உட்கார்ந்திருந்தாள்.
'ரொம்பக் குளிருமா?' என்று என்னைக் கேட்டாள்.
'மார்கழிப் பனிக்கே
துண்டைத் தலையில கட்டிக்கிற மனுஷன்.'
இரண்டு டிகிரி, வாய் வரைக்கும் வந்தது.
அவ்வளவு இல்லம்மா, என்றேன்.
அவள் தலையைப் பெட்டியில் சாய்த்தாள்.
தவளைகளும் ஜெனரேட்டரும்
ஒன்றையொன்று விடாமல் கத்திக்கொண்டிருந்தன.

விடிந்து அவள் நிமிர்ந்தபோது
நான்கு மணிக் கை கன்னத்தில் இருந்தது,
நீலமாக, கிளையோடு, பாதி.
யாரும் சொல்லவில்லை. நானும்தான்.
மத்தியானம் மகன் வந்து
இரண்டு கையாலும் அம்மா முகத்தைப் பிடித்தான்.
கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தான்.
போகவில்லை.

அதற்குப் பிறகு இருபது வீடாவது போய் வந்திருக்கும் பெட்டி.
டப்பாவில் பெயிண்ட் இருக்கிறது,
தூரிகையைக் கழுவித்தான் வைத்திருக்கிறேன்.
'என்னம்மா, ஒரு கை பாதியில நிக்குது?'
என்று கேட்கிறவர்களிடம்
தீந்துபோச்சு, என்கிறேன்.