இரண்டு மணிக் கட்டம்

புன்ட்டா அரேனாஸில் காற்று முற்றும் நாள்களில்
நகராட்சி ஆட்கள் தெருமுனைகளில் கயிறு கட்டுவார்கள்.
வங்கி மேலாளர், பள்ளிப் பிள்ளை, நண்டு விற்கிறவள்
எல்லாரும் ஒரே கயிற்றைப் பிடித்தபடி
சதுக்கத்தைக் கடப்பார்கள்.
விழாமல் இருக்க.

நானும் விழாமல் இருக்கத்தான் கட்டினேன்.
படிவத்தில் அப்படித்தான் இருக்கிறது.
ஒன்பதாம் படுக்கை, எவரிஸ்தோ ஒயார்சோ,
வயது எழுபத்தெட்டு, இடுப்பெலும்பு முறிவு,
அறுவை முடிந்து இரண்டாம் இரவு, மனக்குழப்பம்.
காரணம் என்ற இடத்தில் மூன்று கட்டங்கள்:
விழும் அபாயம். குழாயைப் பிடுங்குதல். பிறரைத் தாக்குதல்.
ஆளில்லை என்று ஒரு கட்டம் இல்லை.

பதினோரு படுக்கை. நான் ஒருத்தி.
துணைக்கு வரவேண்டிய யஸ்னாவை
அவசரப் பிரிவு இழுத்துக்கொண்டது.
மேற்பார்வையாளர் மிரெயாவுக்கு ஃபோன் செய்தேன்.
அவளுக்கும் அது விடாமல் இரண்டாவது ஷிஃப்ட்.
"கட்டிவிடு, ஓர்த்தென்சியா" என்றாள்.
குரலில் கடுமை இல்லை.
இருந்திருந்தால் அவளை வெறுத்தாவது
அந்த இரவைக் கடந்திருப்பேன்.

காயத்துக்குப் போடுவதும் கட்டு.
கைக்குப் போடுவதும் கட்டு.
இருபத்திரண்டு வருடமாக இரண்டையும்
இதே விரல்களால் போடுகிறேன்.
மெத்தென்ற வார், உள்ளே பஞ்சு,
இரண்டு விரல் நுழையும் இடைவெளி,
இழுத்த மாத்திரத்தில் அவிழும் முடிச்சு,
அவர் கை எட்டாத பக்கத்தில்.

அவர் கத்தவில்லை.
விரல்கள் மட்டும் ஓயவில்லை.
போர்வையைக் கொத்தாகப் பற்றுவதும்
மணிக்கட்டைச் சாய்த்து நீளத் தள்ளுவதும்.
எங்கேயோ பார்த்த அசைவு.
மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு
பாதி வராந்தா போன பிறகு புரிந்தது:
கம்பளி கத்தரிக்கிறார்.
சலைன் குழாய், ஆக்ஸிஜன் குழாய்,
எல்லாம் அவருக்கு ஆட்டு மயிர்.

என் அண்ணன் ஆறு பருவம் கத்தரித்தவன்.
அவன் இருந்த கொட்டகையில் ஆட்டைக் கட்ட மாட்டார்கள்.
முழங்கால்களுக்கு நடுவே
சாய்த்து உட்கார வைப்பார்கள்.
கட்டினால் திமிறும்.
உடம்போடு உடம்பாக அணைத்துப் பிடித்தால்
கடைசி மயிர் விழும்வரை
துணிமூட்டை மாதிரி கிடக்கும்.

இரண்டு மணிக்கொருமுறை வாரைத் தளர்த்தி
தோலைப் பார்த்து ஒப்பமிட வேண்டும்.
பத்து: கட்டினேன்.
பன்னிரண்டு: பார்த்தேன்.
இரண்டு: நான்காம் படுக்கைக்காரிக்கு மூச்சுத் திணறல்.
நான்கு: பார்த்தேன்.
மணிக்கட்டைச் சுற்றிச் சிவப்பாய் ஒரு கோடு.
அழுத்தினால் வெளுத்தது, விட்டால் சிவந்தது.
இரண்டு மணிக் கட்டத்தில் கையெழுத்துப் போட்டேன்.
என் கையெழுத்து அழகாக இருக்கும்,
எல்லாரும் சொல்வார்கள்.

ஒன்றும் நடக்கவில்லை.
புண் இல்லை, புகார் இல்லை, யாரும் விழவில்லை.
"அமைதியான இரவு" என்று சொல்லி
காலை ஷிஃப்டிடம் ஒப்படைத்தேன்.

பேருந்து நிறுத்தத்துக்குத் திரும்பும் முனையில்
கயிறு விம்மிக்கொண்டிருந்தது.
எனக்கு முன்னால் யாரோ பிடித்த ஈரம் அதில்.
எப்போது வேண்டுமானாலும் விடலாம்.
அதனால்தானோ என்னவோ
அப்படி இறுகப் பிடித்தேன்.

மறுநாள் இரவும் நான் ஒருத்தி.
வாரை அவிழ்த்தேன். ஸ்டூலை இழுத்துப் போட்டு
என் முன்கையை அவர் விரல்களுக்குள் வைத்தேன்.
கத்தரித்தார். நிதானமாக, முழங்கைவரை,
ஒரு இடத்திலும் தோலைக் கீறாமல்.
முடிந்ததும் புறங்கையால் தட்டி
என்னைத் தள்ளிவிட்டார்,
அடுத்த ஆட்டுக்கு இடம் வேண்டுமல்லவா.
ஏழு நிமிடம். தூங்கிவிட்டார்.

அந்த ஏழு நிமிடத்தில்
ஆறாம் படுக்கையின் மணி மூன்று முறை அடித்தது.
கேட்டுக்கொண்டேதான் உட்கார்ந்திருந்தேன்.
போனபோது தோன்யா ருபெலிந்தா
நனைந்த விரிப்பின் மேல்
சுவர்ப் பக்கம் முகம் திருப்பிப் படுத்திருந்தாள்.
"பரவாயில்லை, பெண்ணே" என்றாள்,
"நீ ஒருத்திதானே."