இருபது நிமிஷம்

சீட்டில் கழிவு போக முப்பத்தெட்டாயிரம் வந்தது.
ஸ்டெபிலைசருக்கு நாலு, உரக்கடைக்காரருக்கு வாடகை பாக்கி மூணு.
மிச்சத்தில் ஜெனோவாவின் குரலுக்கு
ஒரு மைக் வாங்க வேண்டும்.

அறை அரவேணுவில், உரக்கடை மாடி.
சுவரெல்லாம் கம்பளி, ஜன்னலில் மெத்தை.
தகரக் கூரையிடம் மட்டும்
எந்தப் பேச்சும் எடுபடவில்லை.
மழை விட்டால் பதிவு, விடாவிட்டால் டீ.

ஜெனோவா இலை எடைபோடும் கொட்டகையில்
கணக்கெழுதுகிறவள்.
"பதினேழரை, ஈரம் கழிச்சு பதினாறு" என்று
நாளெல்லாம் கத்திக் கத்திக்
குரலின் அடியில் சணல் பிரிந்திருக்கிறது.
மேலே போகும்போது மட்டும் ஒரு மினுக்கம்,
ஈரப் பாறையில் வெயில் பட்டாற்போல்,
அரை நொடி.
சணலும் வேண்டும், அந்த அரை நொடியும் வேண்டும்.
கையில் இருப்பது முப்பத்தொன்று.

முதல் மைக் கோயம்புத்தூர்க் கடை இரண்டு நாளுக்குத் தந்த இரவல்.
வால்வு இல்லாதது. இருபத்திரண்டாயிரம்.
அவள் எச்சில் விழுங்கியது கேட்டது.
செயின் பொத்தானில் உரசியது கேட்டது.
கீழே யூரியா மூட்டை இறங்கியது கேட்டது.
பாட்டும் கேட்டது.

இரண்டாவது வால்வு மைக், புத்தம் புதிது, முப்பதரை.
அலுமினியப் பெட்டி, உள்ளே வெல்வெட்,
கல்யாண நகைக்குக்கூட இவ்வளவு மரியாதை இருக்காது.
"இதமா இருக்கும்" என்றான் கடைப் பையன்.
இதம்தான். பாகு மாதிரி இதம்.
மழை என்று பாடினாள், மலை என்று வந்தது.
நான்கு தடவை எடுத்தோம்,
நான்கு தடவையும் மலையே பெய்தது.

எனக்கு இதில் பேச வாயில்லை.
வாளப்பளம் என்று சொல்லும் வீட்டில் வளர்ந்தவள் நான்.
கண்டி லயத்திலிருந்து கப்பலேறி வந்ததில்
எதெதையோ கொண்டுவந்தார்கள், அந்த எழுத்தை விட்டுவிட்டார்கள்.
ஆனால் நாக்கு வேறு, காது வேறு.

மூன்றாவது கேத்தியில், பெள்ளிராஜிடம்.
வீட்டிலிருந்தே விளம்பரக் குரல் கொடுக்க வாங்கினானாம்,
இப்போது அந்த அறையில் காளான் வளர்க்கிறான்.
வலையில் ஒரு நசுங்கல். லேசாகக் காளான் வாசனை.
"வேணும்னா ரஷ்யா வால்வு ஒண்ணு தர்றேன்" என்று
பஞ்சு சுற்றிக் கடுகு டப்பாவில் காட்டினான்.
"பத்தொன்பது. கேட்டுப் பார்த்துட்டுக் குடு."

சனிக்கிழமை போட்டோம். ம்ம்ம் என்று ஓர் இரைச்சல்.
வயரை மாற்றினேன், பல்பை அணைத்தேன், போனைத் தூரப் போட்டேன்.
எதிர்ச் சரிவில் டீ ஃபேக்டரி ரோலர் நின்றதும்
இதுவும் நின்றது.
ஆக, இலை எடுக்காத ஞாயிறு சாயங்காலம்தான்
எங்களுக்கு மின்சாரம்.

ஞாயிறு.
வால்வு நிலைக்க இருபது நிமிஷம்.
ஜெனோவா பவர் பாக்ஸை மடியில் வைத்து
உள்ளங்கை இரண்டையும் அதன்மேல் விரித்துக்கொண்டாள்.
லெவல் பார்க்க ரெக்கார்டிங்கைத் தட்டிவிட்டு
நான் கெட்டிலைக் கவனிக்கப் போனேன்.
பதினெட்டாவது நிமிஷம் கூரையில் முதல் துளி.
அப்புறம் எண்ண முடியவில்லை.
பாடவில்லை. குடையைப் பிரித்துக்கொண்டு ஓடினாள்.

இரவு, அழிக்கும் முன்னால் அந்தக் கோப்பைத் திறந்தேன்.
மூச்சு. நாற்காலிக் கீச்சு. ஒரு தும்மல்.
பிறகு, யாரிடமும் இல்லாமல்,
"கீழ் கோத்தகிரி வண்டி ஏழு மணிக்கே போயிருக்குமோ?"

கீழ். ஏழு.
நாக்கு மடிந்து, எங்கும் தொடாமல், திரும்பி வருகிறது.
அடியில் சணல்.
"போயிருக்குமோ" மேலே ஏறும் இடத்தில்
அந்த அரை நொடி.

பெள்ளிராஜைத் தூக்கத்திலிருந்து எழுப்பிப் பதினெட்டு என்றேன்.
காளான்காரனிடம் பேரம் நடக்கவில்லை.
பத்தொன்பது, கடுகு டப்பா உட்பட.

மைக் இப்போது முறுக்கு டின்னில்
சிலிக்கா பொட்டலங்களோடு தூங்குகிறது.
பன்னிரண்டாயிரம் மிச்சம்.
கூரைக்கு மேல் போட
வைக்கோல் என்ன விலை என்று விசாரிக்கிறேன்.
அவள் எழுதிய நான்கு பாட்டில்
ஒன்றுகூட இன்னும் பதியவில்லை.
அந்த வண்டி அன்றைக்குப் போய்விட்டதாம்.